வண்டியின் வடக்குப் பக்கம்

அக்கா,

இன்று காலை கொழும்பிலிருந்து வந்த சாமானில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியும் இருந்தது. அதற்குள் துணி அடுக்கி அனுப்பியிருந்தார்கள். மூடியை நெம்பித் திறந்ததும் அந்த வாசம் குப்பென்று அடித்தது. காய்ந்த பலகை, உள்ளே ஒட்டிய ஈயத் தாள், மூலைகளில் தங்கிப்போன தேயிலைத் தூசி. துணியை எடுக்காமல் பெட்டிக்குள் தலையை விட்டபடி நின்ற என்னைப் பார்த்து என் மனைவி, "என்ன, உள்ளுக்குக் குடியிருக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். பிறகு அவளுக்கும் அந்த வாசம் எட்டியிருக்க வேண்டும். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது தேயிலைத் தோட்டத்து லயத்தில் உங்கள் காம்பிராவின் வாசம். உடைந்த பெட்டிப் பலகை, கிழிந்த ஈயத் தாள், கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டை என்று கழித்துப் போட்டதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்து நீங்கள் ரயில் செய்த அறை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. எஞ்சினும் பெட்டியுமாக இருபத்தேழும் இங்கே பதுளையில், என் கடையின் மேல் தட்டில் வரிசையாக நிற்கின்றன. தூசி தட்டுவது நான்தான். வேறு யாரையும் கைவைக்க விடுவதில்லை.

நான் ஒரு ரயில் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்புத்தளைக்கு முதன்முதலாக வண்டி வந்த அன்று வாப்பாவோடு போய் நின்றவன் நான். புகை தெரிந்தது, பிறகு சத்தம், பிறகு அந்தக் கறுப்பு மலை அசைந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தலைப்பாகையைக் கழற்றிக் கும்பிட்டார். நான் வாப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தேன். அந்தக் கண் இன்றுவரை உள்ளே வரவில்லை.

அதனால்தான், துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏறி இறங்கிய காலத்தில், உங்கள் வாசலில் மூட்டையை அவிழ்த்தவன் விரித்த சேலையை அப்படியே மறந்துவிட்டேன். அடுப்புக்கு மேல் பலகையில் ஒரு முழு ரயில் நின்றது. எஞ்சினுக்கு விளக்குக் கரி. பெட்டிகளுக்குக் கெட்டித் தேயிலைச் சாயம். ஜன்னல்களில் ஈயத் தாள் ஒட்டி, அடுப்பு வெளிச்சத்தில் கண்ணாடி போலவே மின்னியது. சக்கரங்கள் தேயிலைக் கட்டையைக் குறுக்கே அறுத்த வில்லைகள். எல்லாம் செத்துப்போன உங்கள் கணவரின் கவ்வாத்துக் கத்தி ஒன்றால் செய்தது.

"என்ன நானா, சேலை விக்க வந்தீங்களா, வாயப் பொளக்க வந்தீங்களா?" என்றீர்கள்.

வயதில் மூத்த நீங்கள் என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றீர்கள். நான் உங்களை அக்கா என்றேன். யார் யாருக்குப் பெரியவர் என்ற வழக்கு கடைசிவரை தீரவேயில்லை.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தூளிலிருந்து குச்சி பொறுக்கும் வேலை உங்களுக்கு. கறுப்புத் தூளுக்குள் கறுப்புக் குச்சியைக் கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண்ணைக் கொண்டுதான் லயத்துக்கு மேலே, மலை முகட்டில், ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வந்து அடுத்த சுரங்கத்துக்குள் நுழைகிற வண்டியைப் பார்ப்பீர்கள். நூறு எண்ணுவதற்குள் போய்விடும். எனக்கு ஒரு கறுப்புப் புழு ஊர்வதுதான் தெரியும். நீங்களோ, "இன்னைக்கு மூணாவது பெட்டி புதுசு நானா, கூரையில காத்துக்கு ரெண்டு மூடி கூடுதலா இருக்கு" என்பீர்கள். அடுத்த மாதம் அப்புத்தளை ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால் இருக்கும். இரண்டு மூடி, நீங்கள் சொன்ன அதே இடத்தில். எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

உங்கள் பலகையில் பன்னிரண்டுக்குத்தான் இடம். புதிதாக ஒன்று செய்தால் பழசு ஒன்று என் மூட்டைக்குள் வந்துவிடும். விற்பனைக்கில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். "ஆசப்படுறவங்க கையில இருக்கட்டும்" என்று தருவீர்கள். அப்படித்தான் நான் சேர்க்க ஆரம்பித்தேன். வீட்டில் அரிசி வைக்கும் தட்டைக் காலிசெய்து அவற்றை நிறுத்தினேன். மனைவி திட்டினாள். பிறகு விருந்தாளிகளுக்கு அவளே காட்டத் தொடங்கினாள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எஞ்சின்களுக்கு இரண்டு பக்கமும் செய்திருந்தீர்கள். பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான். மறுபக்கம் மொட்டைப் பலகை. ஏன் என்று கேட்டேன்.

"எஞ்சின் போறப்ப ஒரு கன்னத்தக் காட்டுது, வாறப்ப மத்தக் கன்னத்தக் காட்டுது. பெட்டி அப்பிடியில்ல நானா. போனாலும் வந்தாலும் நமக்கு ஒரே பக்கந்தான்."

நான் நம்பவில்லை. அப்போது பண்டாரவளைதான் கடைசி ஸ்டேஷன். அங்கே போய் வேலை மெனக்கெட்டு நின்று பார்த்தேன். எஞ்சினை மட்டும் கழற்றி, ஒரு வட்டத் தட்டில் ஏற்றி, நாலு பேர் தள்ளித் திருப்பினார்கள். பெட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த வண்டியில் எத்தனை தரம் ஏறி இறங்கியவன் நான்! இது என் மண்டையில் ஏறவில்லை. மலைக்குக் கீழே, ஸ்டேஷனையே பார்த்திராத நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி நிற்குமா? உங்களுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கிறேன் என்று, என்னிடமிருந்த ஒரு பெட்டியின் மொட்டைப் பக்கத்தில் முன்பக்கத்தைப் பார்த்து அப்படியே ஐந்து கதவு வரைந்து சாயம் பூசி எடுத்து வந்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அந்த வருஷம் தீபாவளிச் சேலையை வேறொரு துணிக்காரரிடம் எடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டபோது, அக்கா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னீர்கள். மூலையில் உங்கள் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அது அண்ணன் பாக்குற பக்கம் நானா. நான் பாக்காதத நீங்க எப்பிடிப் போடலாம்?"

உங்கள் அண்ணன், ரயில் பாதை வெட்டிய காலத்தில் ஆட்களோடு சேர்ந்து முகட்டுக்கு வேலைக்குப் போனவர். மழையில் மண் சரிந்தது. அவரோடு சேர்த்து ஏழு பேர். செய்தி லயத்துக்கு வந்து சேர எட்டு நாளாயிற்று. உங்கள் அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, கற்பூரத்தைக் கொளுத்தி, உங்கள் கையையும் இழுத்து அதன்மேல் வைத்துச் சத்தியம் செய்தார். "என் புள்ளையத் தின்ன அந்த இரும்ப நம்ம வீட்டுக் காலு தாண்டாது!"

அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான், தப்பிப் பிழைத்த ஒருவர் வந்து, புதைத்த இடத்தைச் சொன்னார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். வடக்குச் சரிவின் தலைப்பில், சுரங்க வாயிலுக்குக் கிட்ட, ஒரு பெரிய கல்லுக்குக் கீழே.

அம்மா இரும்பின்மேல் போட்ட சத்தியத்தில் அம்மாவே அகப்பட்டுக்கொண்டார். லயத்திலிருந்து இரண்டு மணி நேர ஏற்றம்தான். அதற்கு மேல் ஒரு தண்டவாளத்தின் அகலம். அந்த அகலத்தைத் தாண்ட முடியாமல் தாயும் மகளும் கீழேயிருந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் விடவில்லை. வக்கீல் மாதிரி வாதாடினேன். "சுரங்கத்துக்கு மேல மலைதானே இருக்கு, அதுல ஏறிப் போனா?" என்றேன்.

"கீழ இரும்பு ஓடுதுல்ல?"

"நான் தோள்ல தூக்கிட்டுப் போறேன். காலு என் காலு. உங்க வீட்டுக் காலு இல்லையே!"

சிரித்துவிட்டீர்கள். மூலையில் அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பிறகு நீங்கள் சொன்னீர்கள்: "சாமிகிட்ட சாமர்த்தியம் காட்டக் கூடாது நானா." சில வருஷத்தில் அம்மா போய்விட்டார். மகனின் மேட்டைப் பார்க்காமலே போனார்.

பிறகு தண்டவாளம் எல்ல, தெமோதரை என்று நீண்டு பதுளைக்கு வந்தது. நானும் கடையைப் பதுளைக்கு மாற்றினேன். பைத்தியம் சும்மா இருக்குமா? வண்டி வந்த முதல் வாரமே ஸ்டேஷன் முழுக்கச் சுற்றினேன். பிளாட்பாரம் தாண்டி, சாமான் கொட்டகை தாண்டி நடந்தேன். அங்கே இரண்டு தடித்த மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தண்டவாளம் அதில் முட்டி நின்றது. அதற்கப்பால் புல். புல்லில் ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது. மேய்ந்துகொண்டே அந்த மரங்களைச் சுற்றி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொழும்பிலிருந்து கடலும் காடும் மலையுமாக வந்த இரும்பு அங்கே முடிந்து கிடந்தது. முடிந்ததைத் தாண்டத் தேவையில்லை. சுற்றிப் போனால் போதும்.

மறுநாளே உங்கள் வாசலில் நின்றேன். மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னேன். நீங்கள் குச்சி பொறுக்குவது போல் என் ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கிப் பார்த்தீர்கள். முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது.

"அப்ப, பண்டாரவளையிலயும் முடிஞ்சிதானே கெடந்துச்சு? அத்தன வருசமா?"

நான் மனதுக்குள் வருஷங்களை எண்ணினேன்.

"அப்ப அம்மா இருந்தாங்க நானா."

எத்தனையோ தரம் அந்தப் பண்டாரவளையில் போய் நின்றவன் நான். எஞ்சின் திரும்புவதை வாய் பிளந்து பார்த்தவன். பத்தடி தள்ளி இரும்பு முடிந்து கிடந்ததை ஏன் பார்க்கவில்லை? இருபது வருஷத்துக்கு மேல் அங்கே முடிந்து கிடந்தது. இதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் அன்றே மன்னித்துவிட்டீர்கள். "எப்பப் போலாம்?" என்று கேட்டீர்கள்.

லீவு கேட்கும்போது கதிர்காமம் போவதாகச் சொல்லுங்கள் என்றேன். "சாமி பேரச் சொல்லிப் பொய்யா? அண்ணனப் பாக்கப் போறேன்னே சொல்றேன்" என்றீர்கள். சொன்னீர்கள். செத்து முப்பது வருஷமான அண்ணன் என்று கங்காணிக்கும் தெரியும். அவர் உங்களை ஏறிட்டுப் பார்த்து, "எத்தன நாளு?" என்று மட்டும்தான் கேட்டார்.

ஒரு மாட்டு வண்டி. நீங்கள், என் மனைவி, நான். தண்டவாளத்தை எங்கும் தாண்டக் கூடாது என்பதால் கொஸ்லந்தையில் இறங்கி, வெல்லவாய, மொனராகலை, பசறை என்று மலைகளையே சுற்றி வந்தோம். வெயில் எங்களை வறுத்தது. என் மனைவிக்கும் உங்களுக்கும் பேச்சு ஓயவேயில்லை. பாதிப் பேச்சு என்னைப் பற்றித்தான், நல்லதாக ஒன்றும் இருந்திருக்காது. ஏழாம் நாள் பதுளை.

அந்த முட்டு மரங்களிடம் காலையில் போனோம். நீங்கள் கிட்டே போகவில்லை. பத்தடி தள்ளி, புல்லில், வெறுங்காலோடு மெதுவாக நடந்தீர்கள். கொட்டகைப் பக்கமிருந்து ஒரு போர்ட்டர், "என்னம்மா தேடுறீங்க?" என்று கூவினார். "வழிங்க" என்றீர்கள். சரியாக நடுவில், இரும்புக்கு நேர் எதிரே வந்ததும் நின்றீர்கள்.

"இப்ப எந்தப் பக்கம் நானா நிக்கிறேன்?"

"ரெண்டும் இல்ல அக்கா."

கண்ணை மூடி ஒரு கணம் நின்றீர்கள். பிறகு காலை எடுத்து வைத்தீர்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனையோ பெரிய பாலங்களையும் சுரங்கங்களையும் பார்த்து மலைத்திருக்கிறேன். ஒரு பெண் புல்லில் எடுத்து வைத்த ஓர் அடியைப் பார்த்து அப்படி மலைத்தது அன்றுதான்.

அப்போதே வண்டியின் மறுபக்கத்தைப் பார்த்திருக்கலாம். கொட்டகையோரம் பெட்டிகள் நின்றன. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஹாலி எல, வெலிமடை என்று வந்த வழியில் தூரத்தில் வண்டி ஊதினாலும் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டீர்கள். "அண்ணன் பக்கத்துல நின்னுதான் மொதல்ல பாக்கணும்" என்றீர்கள். எனக்கு உங்களைவிட அவசரம். எல்லாப் பெட்டிகளுக்கும் மறுபக்கம் வரப்போகிறது என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பத்தாம் நாள் காலை வடக்குச் சரிவில் ஏறினோம். பெரிய கல் இருந்தது. அதன் கீழே மானாப்புல் மூடிய ஏழு மேடுகள். பெயரில்லை, அடையாளமில்லை. எது உங்கள் அண்ணன் என்று சொல்ல அங்கே யாருமில்லை. நான் பயந்துவிட்டேன். இவ்வளவு தூரம் கூட்டி வந்து இப்படியா என்று மேட்டுக்கு மேடு ஓடிப் பார்த்தேன்.

நீங்கள் தயங்கவேயில்லை. முதல் மேட்டில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தீர்கள். அது முடிந்ததும் கையால் மண்ணைத் தட்டிச் சரிசெய்தீர்கள். ஒரு கற்பூரம். பிறகு அடுத்த மேடு. உதவிக்கு வந்த என் மனைவியை, "வாண்டாம் தங்கச்சி, நான் செய்யிறேன்" என்று தடுத்துவிட்டீர்கள். நான் ஓரமாக நின்று கையேந்தி ஏழு பேருக்கும் துஆ கேட்டேன்.

நீங்கள் ஐந்தாவது மேட்டில் இருந்தபோது சுரங்கத்துக்குள் முழக்கம் கேட்டது. ஐம்பது அறுபதடி தள்ளி, தலைக்கு மேலே, எஞ்சின் வெளியே வந்தது. நிலம் அதிர்ந்தது.

"அக்கா! வண்டி! வண்டி வருது!" என்று கத்தினேன்.

நீங்கள் திரும்பவில்லை. ஒரு புல்லின் வேர் ஆழமாகப் போயிருந்தது. அதைக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

"போகட்டும் நானா" என்றீர்கள்.

முப்பது வருஷமாக மழையிலும் பனியிலும் ஒரு வண்டியையும் விடாமல் பார்த்த நீங்கள்! நீங்கள் பார்க்காததை நானாவது பார்க்க வேண்டும் என்று கண்ணை அகலத் திறந்து பார்த்தேன். என் வாழ்நாளில் ஒழுங்காக ரயில் பார்த்தது அன்றைக்குத்தான். நான் வரைந்த ஐந்து கதவு அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. பெட்டியின் நீளத்துக்கும் ஜன்னல்கள், முனைக்கு ஒரு கதவு. எண்ணினேன். ஒவ்வொரு பெட்டியாக எண்ணினேன். அடுத்த சுரங்கம் அதை விழுங்கியது. நீங்கள் ஆறாவது மேட்டுக்கு நகர்ந்திருந்தீர்கள்.

ஏழும் முடிந்தபின், "அடுத்த வண்டி வரைக்கும் இருப்பமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றீர்கள். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டீர்கள்.

அந்தப் பெரிய கல்லின்மேல் ஏறி நின்று தண்டவாளத்துக்கு அப்பால் பார்த்தால், கீழே உங்கள் தோட்டத்து ஸ்டோரின் தகரக் கூரை வெயிலில் மின்னியது. இரண்டு மணி நேர இறக்கம். "அம்மாட சத்தியம் அண்ணனைப் பார்க்கத்தானே தடுத்திச்சு, பார்த்தாச்சே, இனி இப்படியே இறங்கிப் போயிடுங்க அக்கா" என்றாள் என் மனைவி. நீங்கள் மாட்டேன் என்று தலையை ஆட்டினீர்கள்.

"வந்த வழியாவே போவோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடை பூட்டிக் கிடக்கிறது, மாடு நொண்டுகிறது, இன்னும் பத்து நாளா, உங்களுக்குப் பைத்தியமா என்று அந்த மேடுகளுக்குப் பக்கத்திலேயே கத்தினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா இல்லாதப்ப எப்பிடி நானா ஏமாத்துறது?" என்றீர்கள். வந்த வழியாகவே போனோம். பசறை, மொனராகலை, வெல்லவாய, கொஸ்லந்தை. அந்தக் கோபத்தை நினைத்தால் இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ரயில் செய்யவில்லை. அடுத்த தரம் நான் வந்தபோது பலகையில் இருந்த பன்னிரண்டையும் ஒரு துணியில் சுற்றிக் கையில் கொடுத்தீர்கள். வண்டி முகட்டில் ஊதியபோது நீங்கள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இத்தனை காலமும் நீங்களும் என்னைப் போல வண்டியைத்தான் பார்த்தீர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் மேல் தட்டைப் பார்த்து, இவ்வளவு அழகாகச் செய்தவர் மறுபக்கத்தை ஏன் விட்டுவிட்டார் என்று கேட்கிறார்கள். ஒரு ஆசாரி, தானே முடித்துத் தருவதாகக் கூடச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

எனக்குத் தெரியும் அக்கா. அன்று போனது ஆறு பெட்டி. முதல் பெட்டியில் எட்டு ஜன்னல், இரண்டாவதிலும் எட்டு. மூன்றாவதில் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, பலகை அடித்திருந்தது. நான்காவதில் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் குனிந்திருந்த இடத்தையே பார்த்தபடி போனாள். திரும்பி வந்த பத்து நாளும் இதையெல்லாம் உங்களிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் கேட்பீர்கள், கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவேயில்லை. ஒரு ஜன்னல்கூட மறக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.